நேரான கால் ஏமாற்றும்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எந்த வீட்டிலாவது பாதம் உள்பக்கம் மடங்கிய பிள்ளை (டாக்டர்கள் இதைக் 'கிளப்ஃபுட்' என்பார்கள்) பிறந்தால், யாராவது ஒருவர் என் போன் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கூப்பிடுவார்கள், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, குரலை அடக்கிக்கொண்டு. "அக்கா, உங்க பையனுக்குக் கால் நேராயிடுச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

நேராகிவிட்டது. பிறந்து மூன்று நான்கு மாதத்திலேயே நேராகிவிட்டது. ஆனால் அதை எடுத்த எடுப்பில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சொன்னால் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவார்கள். காலை நேராக்குவது இந்த வைத்தியத்தில் சின்னப் பங்கு. நேரான கால் நேராகவே நிற்கிறதா, மடங்கிக் கொடுக்கிறதா, நாற்பது வயதில் வலியில்லாமல் சோறு சம்பாதிக்க விடுகிறதா என்பதெல்லாம் தெரிய வருஷக்கணக்காகும். எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாக அதைப் பார்த்தாகிவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அம்மாவின் கடைசித் தம்பி எழுபதுகளில் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். இரண்டு பாதமும் உள்ளே மடங்கி, குதிகால் மேலே தூக்கி, உள்ளங்கால் ஒன்றை ஒன்று பார்த்தபடி பிறந்தாராம். என் மூத்த மகன் 2006-இல் பிறந்தான். அவனுக்கு வலது கால் மட்டும். ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒன்றிரண்டுக்கு இப்படி வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு அதிகம். வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டு காலிலும் இருக்கும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் அடுத்தவருக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. என் மாமியார் மட்டும் பல மாதம் வரைக்கும், "கிரகணத்துல வெளிய போனியா, என்னத்தையாச்சும் வெட்டுனியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போகவில்லை, வெட்டவும் இல்லை. போயிருந்தாலும் கிரகணத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. புதிதாகப் பெற்ற பெண்ணிடம் இந்தப் பேச்சைத் தயவுசெய்து பேசாதீர்கள். அவளுக்கு வேறு வேலை நிறைய இருக்கிறது.

மாமாவின் காலை முதலில் சொல்கிறேன். அவருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது மாவுக்கட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் போட்டும் திரும்பவில்லை. பிறகு பெரிய ஆப்பரேஷன். குதிகாலின் பின்பக்கத்திலிருந்து உள்பக்கமாகச் சுற்றிக் கிழித்து, தசையை எலும்போடு சேர்க்கும், இறுகிக் கிடந்த தசைநாண்களையும், எலும்பை எலும்போடு சேர்த்து மூட்டைச் சுற்றியிருந்த தசைநார்களையும் விடுவித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இதுதான் நல்ல வைத்தியம். ஆப்பரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தபோது கால் அச்சில் வார்த்ததுபோல் நேராக இருந்ததாம். தோட்டமே வந்து பார்த்ததாம். பாட்டி முருகனுக்குப் பால்குடம் எடுத்திருக்கிறார்.

நான் பார்த்த மாமாவின் கால் அதே நேரான கால்தான். வெளியே ஒரு குறையும் தெரியாது. ஆனால் கணுக்கால் மடங்காது. லயத்து வீட்டுக் கக்கூஸில் அவருக்காகவே உத்திரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கும். குந்தி உட்கார்ந்தால் குதிகால் தரையில் படியாது, பின்னால் சாய்ந்துவிடுவார். அதனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார். சிறுபிள்ளைகள் நாங்கள் அதைப் பிடித்து ஊஞ்சலாடி அடி வாங்கியிருக்கிறோம்.

பதினாறு பதினேழு வயதில் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போனார். மேட்டு நிரை (மேட்டில் இருக்கும் மர வரிசை) கிடைத்தால் சரிவில் கால் பதியாது. பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து ஏறுவார். முப்பது வயதில் சாயங்காலமானால் கால் வீங்க ஆரம்பித்தது. நாற்பதைத் தொடுவதற்குள் கணுக்கால் மூட்டு தேய்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். தோட்டமும் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறியது. குலை அறுத்துத் தூக்கும் வேலைக்கு அவர் கால் ஒத்துவரவில்லை. இப்போது ஒரு தொழிற்சாலையில் ஜாகா, அதாவது காவல்காரர். நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் சமாளிக்கிறார்.

இது மாமாவின் தலையெழுத்து மட்டும் இல்லை. 2006-இல், என் மகன் பிறந்த அதே வருஷம், அமெரிக்காவில் டாப்ஸ் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாமாவுக்குச் செய்ததுபோல் பெரிய ஆப்பரேஷன் செய்துகொண்ட பிள்ளைகள் சராசரியாக முப்பது வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பலருக்குக் கால் விறைத்திருந்தது, வலி இருந்தது, மூட்டு தேய்ந்திருந்தது. எவ்வளவுக்கு அதிகமாக அறுத்து விடுவித்தார்களோ அவ்வளவுக்குக் கால் பிற்காலத்தில் சிரமப்பட்டது. இதைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ரொம்பப் பின்னால்தான். ஆனால் மகன் பிறந்து அவன் பாதத்தைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் பயம் கால் கோணலாக இருப்பதைப் பற்றி இல்லை. அந்தக் கயிற்றைப் பற்றித்தான்.

பிறந்த சில நாளில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். வயிற்றுக்குள் இடம் போதாமல் மடங்கியிருக்கும், வளர வளரச் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படித் தானாகச் சரியாகிற பாதமும் உண்டுதான். ஆனால் அதை விரலால் மெல்லத் தள்ளினால் எதிர்ப்பில்லாமல் நேர் நிலைக்கு வந்துவிடும். என் மகன் கால் வரவில்லை. உள்ளங்கால் நடுவே ஆழமாக ஒரு மடிப்பு, குதிகாலுக்கு மேலே இன்னொரு மடிப்பு. பிரசவம் ஆன வீட்டுக்கு வந்து பார்க்கும் அரசாங்க கிளினிக் மிஸ்ஸிதான் (நர்ஸ்) அதைக் கண்டுபிடித்து, ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஊரில் ஒரு பாட்டி எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன் என்றார். உருவுவதால் குழந்தைக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். விறைத்த பாதம் உருவித் திரும்பாது. முதல் சில வாரத்தில் தசைநார்கள் இளக்கமாக இருக்கும்போதே கட்டுப் போட ஆரம்பிப்பது நல்லது. ஆனால் சில மாதம் கழித்துத் தெரிந்தாலும் "நேரம் போச்சு" என்று யாரும் கைவிட வேண்டாம். அப்போதும் இதே வைத்தியம் வேலை செய்கிறது.

ஈப்போவில் பார்த்த டாக்டரிடம் முதலில் மாமா கதையைத்தான் சொன்னேன். "அந்த மாதிரி இப்ப அறுக்கிறது இல்லம்மா" என்றார். பொன்செட்டி என்பவரின் முறையைச் சொன்னார். இக்னாசியோ பொன்செட்டி ஸ்பெயினில் மெனோர்கா தீவில் 1914-இல் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். பிறகு நாட்டை விட்டுப் போய், கடைசியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆப்பரேஷன் செய்த கால்கள் பிற்காலத்தில் விறைத்துப்போவதை அங்கே பார்த்துவிட்டுத்தான், நாற்பதுகளின் கடைசியில் கத்தியைத் தவிர்க்கும் வழியைத் தேட ஆரம்பித்தார். அவர் எழுதியதை ரொம்ப காலம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்ணூறுகளில்தான் பெற்றோர்கள் இண்டர்நெட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி அவரைத் தேடிப் போனார்கள். அதற்குள் அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. 2009-இல் காலமானார். மாமாவுக்குக் கட்டுப் போட்ட காலத்தில் இந்த முறை இருந்தது, எங்கள் தோட்டம் வரைக்கும் வரவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறாது.

கட்டுக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாரம் ஒரு கட்டு. விரல் நுனியிலிருந்து தொடை வரைக்கும், முழங்காலை மடக்கி. முழங்காலுக்குக் கீழே மட்டும் போட்டால் நழுவிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்தாறு கட்டு போதும். முதல் கட்டுப் பிரித்தபோது பாதம் முன்னைவிட மோசமாக உள்ளே திரும்பியது போலத் தெரியும், பயப்படாதீர்கள். உள்ளங்கால் குழியை முதலில் எடுக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைக்கிறார்கள். அடுத்தடுத்த கட்டில் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவருவார்கள். இந்த வாரங்களில் வீட்டில் பார்க்க வேண்டியது விரலை மட்டும்தான். அழுத்திவிட்டால் வெளுத்து உடனே சிவக்க வேண்டும். நேற்று தெரிந்த விரல் இன்று கட்டுக்குள் போய்விட்டதென்றால் கட்டு நழுவியிருக்கிறது, அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் போய்விடுங்கள். அப்புறம், வீட்டிலேயே முதல்நாள் ராத்திரி ஊற வைத்துப் பிரித்துக்கொண்டு போகாதீர்கள். கட்டில்லாமல் இருக்கும் சில மணி நேரத்தில் திரும்பிய பாதம் கொஞ்சம் பின்வாங்கிவிடும். அங்கே போய்ப் பிரித்து, அங்கேயே அடுத்ததைப் போடுவதுதான் சரி.

கடைசிக் கட்டுக்கு முன்னால் குதிகால் தசைநாணைச் சின்னதாக ஒரு கீறல் வழியே வெட்டிவிட்டார்கள். பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகளுக்கு இது தேவைப்படும். வெட்டு என்றதும் எனக்கு மாமா ஞாபகம் வந்து கை நடுங்கியது. இது வேறு. தையல்கூடக் கிடையாது. மூன்று வாரம் கட்டில் இருக்கும்போது தசைநாண் நீளமாகத் தானே சேர்ந்துகொள்கிறது.

கட்டுப் பிரித்ததும் அழகான கால்! தோட்டத்து ஆட்கள் மறுபடியும் வந்து பார்த்தார்கள். மாமியார் வடைமாலை சாத்தினார். வைத்தியம் முடிந்தது என்று எல்லாரும் நினைத்த அந்த நாளில்தான் உண்மையான வைத்தியம் ஆரம்பித்தது.

இரண்டு சப்பாத்து (ஷூ), நடுவில் தோள் அகலத்துக்கு ஒரு கம்பி. கோணலாயிருந்த காலின் சப்பாத்து அறுபது எழுபது டிகிரி வெளியே திரும்பியிருக்கும். நல்ல காலின் சப்பாத்து அதைவிடக் குறைவாக. முதல் மூன்று மாதம் குளிக்கும் நேரம் தவிர முழு நாளும். அதன் பிறகு ராத்திரியும் பகல் தூக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், நான்கு வயது வரைக்கும். சில டாக்டர்கள் ஐந்து வயது வரைக்கும் சொல்வார்கள். கட்டுப் போட்டுத் திருப்புவது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெற்றியாகிறது. மறுபடி கோணிக்கொள்வதற்குப் பெரிய காரணம் இந்தச் சப்பாத்தை நடுவில் விட்டுவிடுவது. அயோவாவில் பார்த்த கணக்கும் அதைத்தான் சொன்னது.

ஏன் விடுகிறார்கள்? சோம்பேறித்தனம் இல்லை. கால் நேராக இருக்கிறது, பிள்ளை அழுகிறது. நேரான காலுக்கு எதற்கு இந்த விலங்கு என்று வீட்டில் பாட்டி, பக்கத்து வீட்டு அம்மா, சில நேரம் புருஷனே கேட்பார். பார்வைக்குக் கால் நேராக இருப்பதுதான் இங்கே எதிரி.

எங்கள் வீட்டுச் சிக்கல் ஏணையில் ஆரம்பித்தது. இங்கே ஸ்பிரிங்கில் தொங்கும் சாரோங் ஏணை இல்லாத வீடு ஏது? சாரோங்குக்குள் பிள்ளையைப் போட்டால் துணி இரண்டு பக்கமும் நெருக்கும், கம்பி குறுக்கே மாட்டிக்கொள்ளும், பிள்ளை முழங்கால் முறுக்கிக்கொண்டு கத்துவான். கம்பியைக் கழற்றிவிட்டுச் சப்பாத்தோடு மட்டும் போடலாமா என்றால், கம்பியில்லாத சப்பாத்து வெறும் சப்பாத்து, வெளியே திருப்பிப் பிடிப்பது கம்பிதான். கடைசியில் ஏணையைக் கழற்றி உத்திரத்தில் சுருட்டி வைத்துவிட்டு, தரையில் மெத்தை போட்டுப் பழக்கினோம். முதல் சில ராத்திரி வீடே தூங்கவில்லை. கம்பியைப் பிடித்து இரண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி ஒரு விளையாட்டுப் போலக் காட்டினேன். ஒரு காலை மட்டும் உதைக்கப் பார்த்தால்தான் பிள்ளைக்கு எரிச்சல் வருகிறது. இரண்டையும் சேர்த்து உதைக்கத் தெரிந்துகொண்ட அன்றைக்கே அழுகை பாதியானது. பிறகு அந்தக் கம்பியாலேயே என் விலாவில் உதைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான். கம்பிக்குப் பழைய துண்டைச் சுற்றித் தைத்துவிடுங்கள், உங்கள் விலாவுக்காகத்தான் சொல்கிறேன்.

மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் குதிகாலைக் கீழே அழுத்திப் பதிய வைத்து, நடு வாரை இழுத்துக் கட்ட வேண்டும். சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவது அதற்குப் பிறகு. குதிகால் பதிந்திருக்கிறதா என்று சப்பாத்தின் பின்பக்க ஓட்டையில் எட்டிப் பார்த்துவிடுங்கள். தோல் கொப்பளித்தால் நம் கை தானாக வாரைத் தளர்த்தப் போகும். அது தப்பு. பெரும்பாலும் குதிகால் உள்ளே வழுக்கி உரசுவதால்தான் கொப்பளம் வருகிறது, இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும். பருத்திக் காலுறை போடுங்கள், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு நைலான் ஆகாது. களிம்பு பூசினால் தோல் இளகி இன்னும் கெடும். நிற்காத புண் என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாகச் சப்பாத்தை நிறுத்தாதீர்கள். விரல் நுனி சப்பாத்து விளிம்பைத் தாண்டினால் அடுத்த அளவு வாங்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டுக்கு ஆகிற செலவு பெரிதில்லை. கையைக் கடிப்பது இந்தச் சப்பாத்துதான், அதுவும் வளர வளர மறுபடி மறுபடி. முன்கூட்டியே ஆர்டர் கொடுத்து வையுங்கள். இப்போது என் வீட்டில் யார் யாரோ கொடுத்த பழைய ஜோடிகள் அளவுவாரியாக ஒரு பெட்டியில் இருக்கின்றன. தேவைப்படுகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்கிறார்கள். கோணத்தை மட்டும் டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவேன்.

இத்தனைக்குப் பிறகும் என் மகனுக்குத் திரும்பியது. சிலருக்கு அப்படித்தான். சப்பாத்தை ஒழுங்காகப் போட்ட பிள்ளைகளிலும் கொஞ்சப் பேருக்குத் திரும்பும். நான்கு வயது முடியும் சமயம். நேரே நின்றால் கால் நேராகத்தான் இருந்தது. பாலர் பள்ளியில் ஆசிரியை, "இவன் வலது சிலிப்பர் மட்டும் ஓரமா தேயுதே" என்றார். வீட்டில் வந்து புரட்டிப் பார்த்தேன். இடது சிலிப்பர் குதிகாலில் சீராகத் தேய்ந்திருந்தது. வலதில் சுண்டுவிரல் பக்கம் மட்டும் ரப்பர் கண்ணாடிபோல் மெலிந்திருந்தது. ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நடக்க விட்டேன். வலது பாதத்தின் தடத்தில் வெளி ஓரம்தான் பதிந்தது. குந்தச் சொன்னேன். வலது குதிகால் ஒரு விரல் அளவு எழும்பியது. கயிறு மறுபடியும் என் கண்முன்னால் ஆடியது.

இந்த மூன்றையும் எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன்: சிலிப்பர் தேய்மானம், ஈரத் தடம், குந்தல். பிள்ளையை நிற்க வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. நடக்கும்போதும் குந்தும்போதும்தான் தெரியும். கணுக்கால் மேல்நோக்கி மடங்குவது குறைவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி.

மறுபடி சில வாரம் கட்டு. அதன் பிறகு ஓர் ஆப்பரேஷன். பாதத்தை உள்பக்கமாகத் தூக்கும் தசைநாண் ஒன்று முன்னங்காலிலிருந்து வருகிறது. அதன் முனையை எடுத்து, பாதத்தின் நடுவில் வெளிப்பக்கமாக இருக்கும் ஓர் எலும்பில் பொருத்துகிறார்கள். அப்போது அதே தசை பாதத்தை உள்ளே இழுக்காமல் நேராகத் தூக்கும். அந்த எலும்பு கெட்டிப்பட இரண்டரை மூன்று வயதாவது ஆக வேண்டுமாம், அதனால் அதற்கு முன்னால் செய்வதில்லை. மூட்டைத் திறப்பதில்லை. மாமாவுக்குச் செய்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான், நான் டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது உள்ளங்காலில் ஒரு பொத்தான்! சட்டைப் பொத்தானேதான். தசைநாணைப் பிடித்திருந்த நூலை உள்ளங்கால் வழியே இழுத்து, கம்பளித் துணி வைத்து அதன்மேல் பொத்தானில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். மிஸ்ஸி வெட்டி எடுத்துக் கையில் கொடுத்தார். பையன் அதைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்க் காட்டி ஹீரோவாகிவிட்டான்.

அதற்குப் பிறகு கோணவில்லை. ஐந்து வயதுக்கு மேல் திரும்புவது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. வளர்ச்சி நிற்கும்வரை வருஷத்துக்கு ஒரு முறையாவது காட்டிக்கொண்டே இருந்தோம்.

இப்போது அவன் வலது பாதம் இடதைவிட ஓர் அளவு சின்னது. கெண்டைக்கால் மெல்லியது. இது எந்த வைத்தியத்தாலும் மாறாது, எந்தப் பயிற்சியாலும் பருக்காது, வைத்தியம் தோற்றதன் அடையாளமும் இல்லை. கூப்பிடும் அம்மாமார்கள் இதைக் கேட்டதும் சுருங்கிப் போகிறார்கள். பெண் குழந்தை என்றால் பாவாடை, புடவை என்று கல்யாணம் வரைக்கும் போய்விடுகிறார்கள்! அழகான காலா, உழைக்கிற காலா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்ல ஒரு நொடி ஆகாது. சப்பாத்து வாங்கும்போது பெரிய பாதத்துக்கு வாங்கி, சின்னதில் ஒரு உள்ளட்டை போட்டுவிடுவான்.

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது ஓட்டப் போட்டி என்றாலே ஓர் ஆசிரியர் அவனை ஸ்கோர் எழுத உட்கார வைத்துவிடுவார். நல்ல எண்ணம்தான். டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன், ஓடலாம் குதிக்கலாம் என்று எழுதி. இரண்டு காலும் இப்படிப் பிறந்த அமெரிக்காவின் கிறிஸ்டி யமகுச்சி 1992 குளிர்கால ஒலிம்பிக்கில் பனித்தரையில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தங்கம் வாங்கினார் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஸ்கேட்டிங் ஆசிரியருக்குப் பெரிதாகப் படவில்லை, கடிதம்தான் வேலை செய்தது. குறுக்கோட்டத்தில் பையன் கடைசிக்குச் சற்று முன்னால் வந்தான். அவன் அப்பாவும் அந்தக் காலத்தில் அப்படித்தான் வந்தாராம், அதற்குக் காலைக் குறை சொல்ல முடியாது. இப்போது வாரக் கடைசியில் ஃபுட்சால் ஆடுகிறான். ஒரு மணி நேரம் தாண்டினால் வலது கெண்டைக்கால் சோர்ந்துவிடும், கோல்கீப்பராக மாறிக்கொள்வான்.

இனி வரும் வருஷங்களுக்கு எனக்கு இருக்கும் தைரியம் எல்லாம் 1995-இல் வந்த ஓர் ஆய்விலிருந்துதான். பொன்செட்டியிடம் குழந்தையாக வைத்தியம் பார்த்துக்கொண்ட 45 பேரை, முப்பது வருஷம் தாண்டி, கூப்பரும் டீட்ஸும் திரும்பப் பார்த்தார்கள். வலி, நடமாட்டம் இரண்டையும் வைத்து அளந்தால் நூற்றுக்கு 78 பேருக்குப் பலன் நன்றாகவோ மிக நன்றாகவோ இருந்தது. பிறவியில் காலில் ஒரு குறையும் இல்லாதவர்களை அதே அளவுகோலில் பார்த்தபோது அவர்களிலும் 85 பேர்தான் அப்படி. எக்ஸ்ரேயில் கால் எப்படித் தெரிகிறது என்பதை வைத்து யார் நன்றாக இருப்பார்கள் என்று சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். உடம்பு எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும், நாள் முழுக்க நிற்காத வேலையும் பிற்காலத்துக்கு உதவலாம் என்றார்கள்.

அந்தக் கடைசி வரியில்தான் எங்கள் வீட்டில் சண்டை. 2024-இல் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவப் பரீட்சை) முடித்துவிட்டு வண்டி மெக்கானிக் படிப்பு என்று நின்றான். நாள் முழுக்க சிமெண்டுத் தரையில் நிற்கிற வேலை. கணக்கு எழுதுகிற படிப்பு, கணினி என்று நான் அடுக்கினேன். மாமா ஒரு நாள் வந்தபோது அவனைக் கூப்பிட்டு, "எங்க, குந்து பாப்போம்" என்றார். குந்தினான். இரண்டு குதிகாலும் தரையில். "பொழச்சிக்குவான், வுடு பாப்பா" என்றார் என்னிடம். படிப்பில் சேர்ந்துவிட்டான். தடிமனான ரப்பர் பாய் ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்கிறானாம். எடையைப் பற்றி மட்டும் நான் விடுவதில்லை. நாசி லெமாக் பொட்டலம் இரண்டாவதைப் பிரிக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் பிரிக்கிறான்.

ராத்திரியில் கூப்பிடுகிறவர்களிடம் கடைசியாக ஒன்று சொல்வேன், காகிதங்களைப் பற்றி. மாமாவுக்குக் கணுக்கால் தேய்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது முதலில் கேட்டது, "சின்ன வயசுல எந்தத் தசைநாணை வெட்டுனாங்க, எந்த மூட்டைத் திறந்தாங்க?" என்றுதான். பாட்டி செத்துப் போயாகிவிட்டது. அந்தக் காலத்துக் காகிதம் எதுவும் வீட்டில் இல்லை. தழும்பை வைத்து ஊகித்துக்கொண்டார்கள். அதனால் பிள்ளை பிறந்த நாளிலிருந்து ஒரு ஃபைல் போடுங்கள். கட்டு எப்போது ஆரம்பித்தது, குதிகால் தசைநாண் வெட்டினார்களா, சப்பாத்து எந்த வயதில் நிறுத்தினார்கள், பிறகு ஆப்பரேஷன் நடந்ததென்றால் எது எங்கே மாற்றி வைக்கப்பட்டது. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆப்பரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது பழைய டாக்டரின் கடிதம் ஒன்றும் வேண்டும். என் மகனுக்கு நாளை பிள்ளை பிறந்தாலும் இதே ஃபைல் தேவைப்படும். பெற்றவர் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று நான்கு என்கிறார்கள், ஸ்கேனில் இருபது வாரம் வாக்கிலேயே பல நேரம் தெரிந்துவிடுகிறது. ஃபைலை அவனிடமே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு தாளையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, ஃபைலை மறுபடி என் அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.